ரிப்பீட்டரில் பேசத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹாம் ரேடியோவுக்கு (அமெச்சூர் வானொலிக்கு)ப் புதிதாக வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாப் பதிலுக்கும் ஒரே எடுத்துக்காட்டுதான்: வெளியீடு 145.650 மெகாஹெர்ட்ஸ், ஆஃப்செட் மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ், டோன் 123.0 ஹெர்ட்ஸ். இந்தச் சொற்களின் பொருள் கீழே வரும். அந்த இடத்தில் உங்கள் ரிப்பீட்டரின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்பீட்டர்னா என்ன? ரேடியோ கையில இருக்கு, நேரா பேசிக்கக் கூடாதா?

பேசலாம். நேராகப் பேசுவதற்கு சிம்ப்ளெக்ஸ் என்று பெயர். ஆனால் இந்த ரேடியோக்கள் பயன்படுத்தும் விஎச்எஃப், யூஎச்எஃப் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவும் கட்டடங்களும் மரங்களும் குறுக்கே வரும். ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். தரையில் நிற்கும் இருவரின் கையிலும் 1.5 மீட்டர் உயரத்தில் ரேடியோ இருந்தால் சமவெளியில் 10 கிலோமீட்டர். அதுவும் ஏட்டுக் கணக்கு. கட்டடங்களுக்கு நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே திணறும்.

இப்போது ஒருவருக்குப் பதில் 400 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனாவை வைத்துப் பாருங்கள். அதே கணக்கு 87 கிலோமீட்டர் என்கிறது. ரிப்பீட்டர் என்பது அந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ரேடியோ. ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை அதே நொடியில் இன்னோர் அதிர்வெண்ணில் திருப்பிச் சொல்லும். அதன் பலத்தில் முக்கால் பங்கு உயரம்தான். வாட் எல்லாம் அதற்குப் பிறகு.

லைசென்ஸ் வரலை. அதுவரைக்கும் சும்மா ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாமா?

கூடாது. அமெச்சூர் ரிப்பீட்டரில் அனுப்ப எந்த நாட்டிலும் உரிமமும் கால்சைனும் (உங்களுக்கென ஒதுக்கும் அடையாளப் பெயர்) வேண்டும். கேட்பதற்குப் பல நாடுகளில் தடையில்லை. சில நாடுகளில் ரேடியோவைக் கையில் வைத்திருக்கவே அனுமதி வேண்டும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். காத்திருக்கும் நாட்களை வீணாக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அங்குள்ள வழக்கங்கள் தானாகப் பழகிவிடும்.

எதுக்கு ரெண்டு அதிர்வெண்? கேட்ட இடத்துலயே திருப்பி அனுப்பினா ஒரு எண்ணை மட்டும் போட்டாப் போதுமே?

ரிப்பீட்டர் ஒரே நேரத்தில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். அதன் ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட் அளவு சிக்னலைப் பிடிக்கக் கூடியது. அதே பெட்டியில், பெரும்பாலும் அதே ஆன்டெனாவில், 25 அல்லது 50 வாட் வெளியே போய்க்கொண்டிருக்கும். காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி அலறும்போது அடுத்த தெரு முணுமுணுப்பைக் கேட்கச் சொல்வது போன்ற வேலை இது. ஒரே அதிர்வெண் என்றால் ரிப்பீட்டர் தன் குரலையே கேட்டுச் செவிடாகிவிடும்.

எனவே இரண்டையும் பிரிக்கிறார்கள். 145.650-இல் ரிப்பீட்டர் பேசும், 145.050-இல் அது கேட்கும். இடையிலுள்ள 600 கிலோஹெர்ட்ஸ்தான் ஆஃப்செட். இந்தச் சிறிய இடைவெளியில் ஒன்றை ஒன்று தொடாமல் காப்பது டியூப்ளெக்ஸர் என்னும் வடிகட்டி. 2 மீட்டர் பட்டைக்கு (நம் எடுத்துக்காட்டின் 145 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் பட்டை) அது ஆளுயரத்தில் பாதி இருக்கும் நான்கு அல்லது ஆறு உலோக உருளைகள். சரியாக டியூன் செய்யாவிட்டால் ரிப்பீட்டர் உரக்கப் பேசும், ஆனால் காது மந்தமாகிவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு 'நன்றாக வருகிறது, ஆனால் யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை' என்று தோன்றும்.

இங்கிருந்து ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இதைச் சார்ந்தே இருக்கும். நீங்கள் ரிப்பீட்டரைக் கேட்பது ஒரு பாதை, ரிப்பீட்டர் உங்களைக் கேட்பது வேறொரு பாதை. ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று பொருளில்லை.

என்னென்ன விவரம் கைல இருக்கணும்?

வெளியீட்டு அதிர்வெண், ஆஃப்செட்டின் அளவு, அது பிளஸ்ஸா மைனஸா, டோன், அனலாகா டிஜிட்டலா. இவ்வளவுதான். பட்டியல்களில் அச்சாகியிருக்கும் எண் ஏறக்குறைய எப்போதும் வெளியீட்டு எண், அதாவது நீங்கள் கேட்க வேண்டிய எண்.

2 மீட்டரில் 600 கிலோஹெர்ட்ஸ் என்பது பெரும்பாலான நாடுகளுக்குப் பொது. 70 சென்டிமீட்டர் என்னும் யூஎச்எஃப் பட்டையில் அப்படியில்லை: வட அமெரிக்காவில் 5 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் நாட்டைப் பொறுத்து 1.6 அல்லது 7.6. வேறு நாட்டுக் காணொளியைப் பார்த்து ஆஃப்செட் போட்டு ஏமாறுவது இந்தப் பட்டையில்தான் அதிகம்.

டோன்னு சொல்றீங்களே, அது பாஸ்வேர்ட் மாதிரியா?

பாஸ்வேர்ட் இல்லை, யாரும் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். அழைப்பு மணி என்றால் பொருந்தும். நீங்கள் பேசும் நேரமெல்லாம் உங்கள் ரேடியோ 123.0 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய ரீங்காரத்தைச் சேர்த்து அனுப்பும். அது இருந்தால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். மின் இரைச்சலோ தூரத்து ரிப்பீட்டருக்குப் போகும் சிக்னலோ அதைத் தட்டி எழுப்பாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. கேட்பவரின் ரேடியோ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவதால் ரீங்காரம் காதில் விழாது.

இதன் பெயர் சிடிசிஎஸ்எஸ். பழைய ரேடியோக்களில் 67.0 முதல் 250.3 வரை 38 டோன்கள். இப்போதையவற்றில் 50 வரை உண்டு. பக்கத்து டோன்கள் சில ஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கும், 123.0-க்குப் பதில் 118.8 போட்டால் ரிப்பீட்டர் அசையாது. சில இடங்களில் இதற்குப் பதில் டிசிஎஸ் என்னும் எண்குறி இருக்கும். 023 என் என்பதும் 023 ஐ என்பதும் வேறு வேறு. கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஐரோப்பாவின் பழைய ரிப்பீட்டர்கள் சிலவற்றை எழுப்ப 1750 ஹெர்ட்ஸ் விசிலை ஒரு நொடி அனுப்ப வேண்டும். அது நன்றாகவே காதில் கேட்கும்.

என்கிட்ட பாவோஃபெங் யூவி-5ஆர் இருக்கு. எந்த மெனுவுல எதைப் போடணும்?

முதலில் விஎஃப்ஓ நிலைக்கு (அதிர்வெண்ணை நேரடியாகத் தட்டும் நிலை) வாருங்கள், ஏ/பி பொத்தானால் மேல்வரியைத் தேர்ந்தெடுங்கள். 7-ஆம் மெனு டிடிஆர். அதை ஆஃப் செய்யுங்கள். அது ஓடினால் ரேடியோ இரண்டு வரிகளையும் மாறி மாறிக் கேட்கும். நீங்கள் பிடிடி (பேச அழுத்தும் பொத்தான்) அழுத்தும்போது எதிர்பாராமல் கீழ்வரியில் அனுப்பிவிடும். பிறகு 145.650 எண்ணைத் தட்டுங்கள். 25-ஆம் மெனுவில் ஆஃப்செட் திசை மைனஸ். 26-இல் அளவு 0.600. இங்கே 6.000 என்று போட்டுவிடுவது வழக்கமான பிழை. 13-ஆம் மெனு டி-சிடிசிஎஸ், அதில் 123.0. 10-ஆம், 11-ஆம் மெனுக்களை (ஆர்-டிசிஎஸ், ஆர்-சிடிசிஎஸ்) ஆஃபிலேயே விடுங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது. இப்போது பிடிடி அழுத்தினால் திரையில் 145.650 மாறி 145.050 தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆஃப்செட் ஏறவில்லை.

மெமரியில் சேமிப்பதில்தான் இந்த ரேடியோ பலரைக் குழப்புகிறது. அது கேட்கும் எண்ணையும் அனுப்பும் எண்ணையும் தனித்தனியே, அதே சேனலில், இரண்டு முறை சேமிக்கச் சொல்கிறது. 25-ஐ ஆஃப் செய்யுங்கள். 28-ஆம் மெனுவில் அந்தச் சேனலில் பழையது ஏதும் இருந்தால் அழியுங்கள். 13-இல் டோன் இருக்கிறதா என்று பாருங்கள். 145.650 தட்டி 27-ஆம் மெனுவில் சேனல் எண் கொடுத்துச் சேமியுங்கள். வெளியே வந்து 145.050 தட்டி, மறுபடி 27, அதே சேனல் எண். முதல் முறை சேமித்ததோடு நிறுத்தினால் ரேடியோ 145.650-லேயே அனுப்பும். ரிப்பீட்டர் அங்கே கேட்பதில்லை.

சரி, போட்டாச்சு. முதல்ல என்ன சொல்லணும்?

ஐந்து நிமிடமாவது கேளுங்கள். யாரும் பேசவில்லை என்றால் பிடிடி அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, உங்கள் கால்சைனைச் சொல்லி, 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றால் போதும். குறுஅலையில் கேட்ட நீண்ட 'சிக்யூ சிக்யூ' ('யாராவது பேச வாருங்கள்') அழைப்பு ரிப்பீட்டரில் வழக்கமில்லை. தவறில்லை, கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், அவ்வளவே. சோதித்துப் பார்ப்பதானால் கால்சைனோடு 'ரேடியோ சோதனை, எப்படிக் கேட்கிறது?' என்று கேளுங்கள்.

ஏற்கெனவே இருவர் பேசிக்கொண்டிருந்தால், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியில் கால்சைனை மட்டும் சொல்லுங்கள். நல்லவர்கள் அதற்காகவே ஓரிரு நொடி விட்டுப் பேசுவார்கள். பேசாமல் பிடிடியைத் தட்டி ரிப்பீட்டர் எழுகிறதா என்று பார்த்துவிட்டு நழுவுவது மட்டும் வேண்டாம். கால்சைன் இல்லாத அனுப்புதல் விதிமீறல். அந்த 'டக்' சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் எரிச்சலும்கூட.

என் முதல் வார்த்தை எப்பவும் வெட்டுப்படுதாம். ஏன்?

நீங்கள் அழுத்தியதும் பேசிவிடுகிறீர்கள். உங்கள் டிரான்ஸ்மிட்டர் எழ வேண்டும், ரிப்பீட்டர் டோனை அடையாளம் காண வேண்டும், அதன் டிரான்ஸ்மிட்டர் எழ வேண்டும், கேட்பவரின் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் கதவு) திறக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் அரை நொடி போய்விடும். இணையத்தில் கோத்த ரிப்பீட்டர்கள் என்றால் ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம். அழுத்துங்கள், மூச்சை இழுங்கள், பேசுங்கள்.

பேசி முடிச்சதும் 'பீப்'னு ஒரு சத்தம் வருது, அப்புறமும் ரிப்பீட்டர் ஓடிட்டே இருக்கு. என் பிடிடி மாட்டிக்கிச்சா?

இல்லை. நீங்கள் விட்டதும் ரிப்பீட்டர் சில நொடி கேரியரை (குரல் இல்லாத வெற்று அலையை) நிறுத்தாமல் வைத்திருக்கும். பீப் வந்தால் 'அடுத்தவர் பேசலாம்' என்று பொருள். பல ரிப்பீட்டர்களில் நேரக்கணக்கும் (அடுத்த பதிலில் வருகிறது) அந்தப் பீப்போடுதான் மறுபடி பூஜ்யத்துக்கு வரும்.

நான் பேசிக்கிட்டே இருக்கேன், பாதியில ரிப்பீட்டர் நின்னுடுச்சு. என்மேல கோபமா?

டைம்-அவுட் டைமர். பெரும்பாலும் மூன்று நிமிடம். யாராவது பிடிடியின் மேல் உட்கார்ந்துவிட்டால் டிரான்ஸ்மிட்டர் வெந்துபோகாமல் காக்கத்தான் அது. பீப்புக்குக் காத்திராமல் அடுத்தவர் உடனே அழுத்தினால் டைமர் பூஜ்யத்துக்கு வராமல் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் அப்பாவி ஒருவர் பத்து நொடி பேசியதும் மாட்டிக்கொள்வார். உங்கள் ரேடியோவிலும் ஒரு டைமர் உண்டு, யூவி-5ஆரில் 9-ஆம் மெனு. அதை மூன்று நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எல்லாரும் கண்ணாடி மாதிரி கேக்குறாங்க. என்னை மட்டும் யாருக்கும் கேக்கலை!

அதிகம் வரும் புகார் இதுதான். மேலே சொன்ன இரண்டு பாதைகள் இங்கேதான் வேலையைக் காட்டும். ரிப்பீட்டர் 50 வாட், நீங்கள் 5 வாட்: பத்து டெசிபெல் வித்தியாசம். நீங்கள் அதைக் கேட்பதைவிட அது உங்களைக் கேட்பது அந்த அளவு கடினம்.

முதலில் ரிப்பீட்டர் எழுகிறதா என்று பாருங்கள். பிடிடியை விட்டதும் ஓரிரு நொடி அமைதியான கேரியரோ பீப்போ வந்தால், அது உங்களைக் கேட்டுவிட்டது. அமைப்பில் பிழையில்லை, அப்போது வேறு யாரும் அங்கே இல்லை. எழவே இல்லை என்றால் டோன், ஆஃப்செட் திசை, ஆஃப்செட் அளவு என்று இந்த வரிசையில் சரிபாருங்கள். கூடவே பவர் 'லோ'வில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. எழுகிறது, ஆனால் குரல் கரகரக்கிறது என்கிறார்கள் என்றால் அமைப்பு சரி, சிக்னல்தான் மெலிவு.

சிக்னல் மெலிந்தால் காசு செலவில்லாத வைத்தியம் நிறைய உண்டு. ரேடியோவை இடுப்பில் வைத்துக் கைமைக்கில் பேசாதீர்கள். உடம்பே சிக்னலைத் தின்னும். முகத்துக்கு நேரே, ஆன்டெனா செங்குத்தாக. ரிப்பீட்டர் ஆன்டெனா செங்குத்து. உங்களுடையது படுத்துக் கிடந்தால் 20 டெசிபெல் வரை போய்விடலாம். காருக்குள் இருந்தால் வெளியே வாருங்கள். வீட்டுக்குள் இருந்தால் ஜன்னல், மொட்டைமாடி. ஓரடி, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்: 2 மீட்டர் அலை சுவர்களில் பட்டுத் திரும்பி ஓரிடத்தில் தன்னையே அழிக்கும், ஓர் எட்டு தள்ளினால் உயிர்பெறும். ஒலி நன்றாக வரும் இடம் கிடைத்தால் அசையாமல் நில்லுங்கள்.

அப்போ 8 வாட் ரேடியோ வாங்கிட்டா சரியாகிடுமா?

ஆகாது. 5 வாட்டிலிருந்து 8 வாட் என்பது இரண்டு டெசிபெல். சிக்னல் மீட்டரின் ஒரு எஸ் புள்ளி ஆறு டெசிபெல். அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கண்ணில் படாது. பேட்டரி சீக்கிரம் காலியாவது நிச்சயம் கண்ணில் படும்.

அதே பணம் ஆன்டெனாவுக்குப் போகட்டும். ரேடியோவோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா சமரசத்துக்குச் செய்தது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை என்பது ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். அந்த நீளமுள்ள விப் ஆன்டெனா போட்டாலே வித்தியாசம் தெரியும். அதற்கும் முன்பு, காசே இல்லாத ஒன்று: 49 சென்டிமீட்டர் மெல்லிய கம்பியை எடுத்து, ஒரு முனையில் வளைய டெர்மினல் கோத்து, ஆன்டெனா திருகும் இடத்தின் வெளி உலோகத்தில் படும்படி அடியில் மாட்டி, கம்பியைத் தொங்கவிடுங்கள். நடு ஊசியில் படக் கூடாது. கையடக்க ரேடியோவுக்கு இல்லாத தரைப் பாதியை அந்த வால் கொடுக்கிறது. சட்டைப் பையில் சிக்கும், பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். ஆன்டெனா வாங்கும்போது எஸ்எம்ஏ என்னும் திருகு இணைப்பு ஆணா பெண்ணா என்று பாருங்கள்; யூவி-5ஆர் உடம்பில் இருப்பது ஆண், வேறு பல ரேடியோக்களில் நேர்மாறு.

சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்காம்.

யூவி-5ஆரில் 5-ஆம் மெனு: வைடு, நேரோ. ரிப்பீட்டர் 25 கிலோஹெர்ட்ஸ் வகையாக இருந்து நீங்கள் நேரோவில் அனுப்பினால் குரல் சன்னமாகப் போகும். தலைகீழாக இருந்தால் உரத்துச் சொல்லும் எழுத்தெல்லாம் வெட்டுப்படும். அமைப்பு சரியென்றால் மைக்கைப் பாருங்கள். வாயிலிருந்து மூன்று விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில், இயல்பான குரலில். கத்தினால் தூரம் போகாது. எஃப்எம்மில் கத்தல் சிதைவைத்தான் கூட்டும். மைக் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு பேசுவோரும் உண்டு.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல அழுத்தினா என்ன ஆகும்?

ரிப்பீட்டரிடம் பலமாகப் போய்ச் சேர்பவர் ஜெயிப்பார். எஃப்எம்மின் குணம் அது. பலம் ஏறக்குறைய சமமென்றால் கீச்சிடலும் உறுமலும்தான் மிஞ்சும். அழுத்திய இருவருக்கும் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். பீப்புக்குக் காத்திருப்பது இதையும் தடுக்கும்.

ஆர்-சிடிசிஎஸ்ஸையும் 123.0 போட்டேன், ரேடியோ ஊமையாயிடுச்சு.

டி என்பது நீங்கள் அனுப்பும் டோன். ஆர் என்பது, அந்த டோனோடு வந்தால்தான் ஒலிபெருக்கியைத் திற என்ற கட்டளை. பல ரிப்பீட்டர்கள் உள்ளீட்டில் டோன் கேட்கும், வெளியீட்டில் அனுப்பாது. அப்படிப்பட்ட இடத்தில் ஆர் போட்டால் எதுவும் கேட்காது. முதலில் ஆஃப். பிற்பாடு வேறு இரைச்சல் தொந்தரவு செய்தால், ரிப்பீட்டர் டோன் அனுப்புகிறது என்று உறுதியானபின் போடுங்கள்.

நண்பர் ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கார். அதுக்கும் ரிப்பீட்டர்தானா?

வேண்டாம், சிம்ப்ளெக்ஸுக்கு மாறுங்கள். முடியுமா என்று அறிய ஒரு வழி: அவர் ரிப்பீட்டரில் பேசும்போது உங்கள் ரேடியோவை 145.050-க்கு மாற்றிக் கேளுங்கள். பல ரேடியோக்களில் இதற்கென ரிவர்ஸ் பொத்தான் உண்டு. அங்கே அவர் தெளிவாகக் கேட்டால் ரிப்பீட்டர் தேவையே இல்லை. ஆனால் அந்த உள்ளீட்டு எண்ணிலேயே பேசத் தொடங்கிவிடாதீர்கள், வேறு சிம்ப்ளெக்ஸ் எண்ணுக்குப் போங்கள். ரிப்பீட்டர் எல்லையில் மெலிவாக வருபவரின் இரைச்சல் அவருடையதா, ரிப்பீட்டருடையதா என்று கண்டறியவும் இதே தந்திரம் உதவும்.

ஒரு ரிப்பீட்டர்ல மோட்டார் ஓடுற மாதிரி 'டர்ர்'னு மட்டும் வருது.

அது பெரும்பாலும் டிஜிட்டல், அந்தத் துடிப்பு என்றால் டிஎம்ஆர் என்னும் டிஜிட்டல் முறை. அது 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலை 30 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, இரண்டு உரையாடல்களை மாறி மாறி அனுப்புகிறது. அனலாக் ரேடியோவில் எந்த அமைப்பும் இதைக் குரலாக்காது. டிஎம்ஆர் ரேடியோ இருந்தால், டோனின் இடத்தில் 0 முதல் 15 வரையிலான கலர் கோடு, கூடவே டைம்ஸ்லாட் 1 அல்லது 2, டாக்குரூப் (பேச்சுக் குழு) எண், உங்கள் பெயருக்குப் பதிவான டிஎம்ஆர் அடையாள எண், நான்கும் பொருந்த வேண்டும். டி-ஸ்டார், சி4எஃப்எம் என்னும் டிஜிட்டல் முறைகள் இரண்டும் வேறு மொழிகள். ஒன்றின் ரேடியோ மற்றதைப் புரிந்துகொள்ளாது.

விண்வெளி நிலையத்துலயும் ரிப்பீட்டர் இருக்காமே, இந்த ரேடியோவே போதுமா?

போதும், பொறுமை இருந்தால். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் 145.990-இல் 67.0 டோனோடு கேட்கிறது, 437.800-இல் திருப்பி அனுப்புகிறது. யூவி-5ஆரின் இரண்டு முறை சேமிக்கும் தொல்லை இங்கே வரமாகிறது: 13-இல் 67.0, முதலில் 437.800, பிறகு அதே சேனலில் 145.990. அந்த ரேடியோ எப்போதும் இந்த வேலையில் இருப்பதில்லை. சில நாட்களில் படங்களோ தரவோ அனுப்பிக்கொண்டிருக்கும்.

நிலையம் உங்களை நோக்கி வரும்போது டாப்ளர் விளைவால் அதன் அதிர்வெண் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கும், விலகும்போது அதே அளவு கீழே. எனவே ஒரு மெமரி போதாது. 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சேனல்கள் செய்து, எல்லாவற்றிலும் அனுப்பும் எண் 145.990 என்றே வையுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடியும் கடப்பில் முதல் சேனலில் தொடங்கி, இரைச்சல் கூடும்போதெல்லாம் ஒரு சேனல் கீழே இறங்குங்கள். இங்கே ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடிக்கும் விதியும் தளரும்: கையைச் சாய்த்து, திருப்பி, எந்தக் கோணத்தில் தெளிவாக வருகிறதோ அப்படியே பிடியுங்கள். பல நாடுகளிலிருந்து ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டிருப்பார்கள். கால்சைனை ஒருமுறை சொல்லிவிட்டுக் கேளுங்கள்.